வேலையைக் கையில் கொண்டு எல்லையைக் கடப்போம்

(கல்விக் கழக வெள்ளி விழாவில் இளைஞர் அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளாக ஏழைக் குடிசைகளுக்குள் எழுத்தைக் கொண்டு சென்ற இக்கழகத்தின் மேடையில், வாழ்த்துரையோடு அமைந்துவிட எங்களுக்கு மனம் வரவில்லை. படித்து முடித்த பிள்ளைகள் பலர் விழா தொடங்குமுன் எங்களைச் சூழ்ந்துகொண்டு, "ஐயா, பெங்களூருக்குப் போகலாமா? மும்பைக்குப் போகலாமா? போய்விட்டால் வேலை கிடைத்துவிடுமா?" என்று கேட்டனர். அந்தக் கேள்விக்கு விடை கூறுவதே இன்று நாங்கள் செய்யக்கூடிய சிறு தொண்டு என்று கருதுகிறோம். எங்கள் விடை சுருக்கமானது: போகலாம், அவசியம் போகவேண்டும், ஆனால் வேலையைத் தேடிக்கொண்டு போகாதீர்கள், வேலையைக் கையில் கொண்டு போங்கள்.

பெட்டிக்குள் இருந்த கடிதம்

இதை நூலில் படித்துச் சொல்லவில்லை. பட்டுத் தெளிந்து சொல்கிறோம். 1984-ஆம் ஆண்டு நெல்லைச் சீமையிலிருந்து நாங்கள் மூவர் பம்பாய்க்குப் புறப்பட்டோம். மூவரும் பள்ளியிறுதித் தேர்வில் தேறியவர்கள், தட்டச்சும் பயின்றவர்கள். ஆளுக்கு இரண்டு சட்டை, சான்றிதழ்கள் வைத்த ஒரு பை, தாராவியிலிருந்த உறவினர் ஒருவரின் முகவரி எழுதிய ஒரு துண்டுத்தாள், இவையே எங்கள் மூலதனம். நெல்லை மாவட்டத்து நம் மக்கள் தோல் பதனிடும் தொழிலை நம்பி எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பே தாராவியில் குடியேறியிருந்தார்கள். எனவே, சோறும் படுக்க இடமும் கிடைத்தன. வேலைதான் கிடைக்கவில்லை. மராத்தியும் தெரியாது, இந்தியும் தெரியாது. சான்றிதழை வாங்கிப் பார்க்கக்கூட எவருக்கும் நேரமில்லை. நான்கு திங்கள் கழித்து, தட்டச்சு பயின்ற அதே விரல்களால் மூட்டை தூக்கினோம்.

நாங்கள் ஊரைவிட்டுக் கிளம்பிய ஏழாம் வாரம், வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து எங்களுள் ஒருவருக்கு நேர்முகத் தேர்வு அழைப்பு வந்திருக்கிறது. பெற்றுக்கொண்ட தந்தையாருக்கு எழுத்து வாசனை கிடையாது. அரசாங்கக் கடிதம் என்பது மட்டும் அவருக்குப் புரிந்தது. தொலைந்துவிடக்கூடாதே என்று தகரப் பெட்டியில் துணிகளுக்கு அடியில் பத்திரமாக வைத்துவிட்டார். மறு ஆண்டு பொங்கலுக்கு ஊர் திரும்பியபோது, "கவர்மெண்டுக் காயிதம்யா, கை படாம வச்சிருக்கேன்" என்று பெருமையோடு எடுத்து நீட்டினார். குறித்த நாள் கடந்து எட்டுத் திங்கள் ஆகியிருந்தது. அவரிடம் அதை நாங்கள் சொல்லவில்லை. கடைசி வரை சொல்லவேயில்லை.

மூவரில் ஒருவர் இன்று நம்மிடையே இல்லை. கட்டடப் பணியில் சாரத்திலிருந்து விழுந்து உயிர் நீத்தார். இழப்பீடு கேட்டுப் போனபோது, அப்படி ஒருவர் தங்களிடம் வேலை செய்ததே இல்லை என்று மறுத்துவிட்டனர். வருகைப் பதிவேட்டில் அவர் பெயர் இல்லை. நியமனக் கடிதம் இல்லை. கூலி பெற்றதற்கு ஒரு சீட்டு இல்லை. ஐந்து திங்கள் உழைத்த மனிதர் அங்கே இருந்ததற்கே அடையாளம் இல்லை. இதை உங்கள் கண்ணீருக்காகச் சொல்லவில்லை. ஒரு துண்டுக் காகிதம் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள தொலைவு என்ன என்பதை நீங்கள் அறியவேண்டும் என்பதற்காகவே சொல்கிறோம்.

முன்னோர் சென்ற வழி

"வேலையை உறுதி செய்துகொண்டா நம் பாட்டன் பூட்டன் போனார்கள்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கோலார் தங்கவயலை எண்ணிப் பாருங்கள். 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் குழுமத்தார் அங்கே சுரங்கத் தொழிலை மேற்கொண்ட பின்னர், வடஆற்காடு மாவட்டத்திலிருந்து நம் மக்கள் பெருந்திரளாக அங்கே சென்றனர். மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் இறங்கி உழைத்தனர். ஆயினும், அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு போனவர்கள் அல்லர். முதலில் போனவர் ஊருக்குச் சொல்லியனுப்பினார். ஆள் தேவை என்பது தெரிந்த பின்னரே அடுத்தவர் போனார். சேரிக்குப் பண்ணையாள் வாழ்வு ஒன்றே விதி என்றிருந்த காலத்தில், மாதம் தவறாத கூலி அவர்களைத் தலைநிமிரச் செய்தது. கூலியோடு அறிவும் வளர்ந்தது. அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் தொடங்கிய 'தமிழன்' இதழுக்குத் தங்கவயலில் வாசகர்களும் ஆதரவாளர்களும் இருந்தனர். அவர் மறைவுக்குப் பின்னர் அவ்விதழ் அங்கிருந்தே வெளிவந்த காலமும் உண்டு.

அதே தங்கவயல் மற்றொரு பாடத்தையும் கற்பிக்கிறது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. ஒரே தொழிலை நம்பிய ஓர் ஊர் ஒரே நாளில் நிர்க்கதியானது. அச்சுரங்கத் தொழிலாளர்களின் பிள்ளைகள் பெருந்தொகையினர் இன்றும் விடியுமுன் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர். அவர்கள் செய்வதைக் கவனியுங்கள்: வேலையை முதலில் பிடித்தார்கள், வீட்டை உடனே பெயர்க்கவில்லை. அதுவே அறிவுடைமை.

மற்றொன்றையும் கூறிவிடுகிறோம். ஊரில் சாதிக் கொடுமைக்கு ஆளாகி, உயிருக்கு அஞ்சி இரவோடிரவாக வெளியேறும் குடும்பத்திற்கு இந்த அறிவுரை பொருந்தாது. முதலில் உயிர், பிறகுதான் வேலை. ஆற அமர எண்ணிப் பார்க்க வாய்ப்புள்ளவர்களுக்கே நாங்கள் சொல்வதெல்லாம்.

எல்லை கடந்தால் எது செல்லும், எது செல்லாது?

இளைஞர்களே, இதைக் கூர்ந்து கேளுங்கள். நம்மில் பட்டதாரிகளுக்கும்கூட இது தெரிவதில்லை. பட்டியல் சாதிகள் எவை என்பதை அரசியலமைப்பின் 341-ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவர் மாநிலவாரியாக அறிவிக்கிறார். அதனால், தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினராக உள்ள ஒருவர் வேறு மாநிலத்தில் குடியேறினால், அந்த மாநில அரசின் பணிகளிலும் கல்லூரிகளிலும் இடஒதுக்கீடு கோர இயலாது. நம் சாதியின் பெயர் அந்த மாநிலத்துப் பட்டியலிலும் இடம்பெற்றிருந்தாலும் நிலைமை அதுவே. 1990-ஆம் ஆண்டிலும் 1994-ஆம் ஆண்டிலும் உச்ச நீதிமன்றம் இவ்வாறு தீர்ப்பளித்தது. 2018-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30-ஆம் நாள் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வும் இதனை உறுதி செய்தது. தில்லி ஒன்றியப் பகுதியின் பணிகளுக்கு மட்டும் அத்தீர்ப்பு விலக்கு அளித்தது.

நம்மைப் பின்தொடரும் இழிவு மாநில எல்லையில் நின்றுவிடுவதில்லை. நமக்குரிய உரிமை மட்டும் எல்லையில் நின்றுவிடுகிறது. இது முறையா என்று வாதிட இடமுண்டு; வாதிடவும் வேண்டும். ஆனால், சட்டம் இன்று இவ்வாறு இருக்கும்போது, அதை அறியாமல் மூட்டை கட்டுவது பேதைமை. "அங்கே போய் அந்த மாநிலத் தேர்வாணையத்தின் தேர்வை எழுதலாம், நமக்குத்தான் ஒதுக்கீடு உண்டே" என்று எண்ணிப் புறப்பட்ட பிள்ளைகளை நாங்கள் கண்டிருக்கிறோம். அங்கே அவர்கள் பொதுப் பிரிவில் நிற்கவேண்டியவர்கள். இங்கே நமக்கு உரிய 18 விழுக்காட்டையும் நாடாமல், அங்கேயும் உரிமையின்றி நிற்பது யாருக்கு நன்மை?

ஆனால் மத்திய அரசுப் பணியின் நிலை வேறு. அகில இந்திய அளவில் திறந்த போட்டித் தேர்வின் வழியே நடைபெறும் நேரடி நியமனத்தில் பட்டியல் சாதியினர்க்கு 15 விழுக்காடு இடங்கள் உள்ளன. தமிழ்நாட்டுச் சான்றிதழ் அங்கே இந்தியா முழுவதும் செல்லும். இரயில்வே, மத்தியப் பணியாளர் தேர்வாணையம், பொதுத்துறை வங்கிகள் ஆகியவற்றின் தேர்வுகளை நம் ஊரில் இருந்தபடியே எழுதலாம். உச்ச வயது வரம்பில் நமக்கு ஐந்தாண்டுத் தளர்வு உண்டு. இரயில்வேத் தேர்வுக்கு வெளியூர் செல்லும் நம் விண்ணப்பதாரர்களுக்கு இலவசப் பயணச் சலுகையும் உண்டு. விண்ணப்பத்திலேயே அதைக் கேட்டுப் பெறவேண்டும். தேறியபின் குவாலியரோ கௌகாத்தியோ, எங்கே நியமித்தாலும் தயங்காமல் செல்லுங்கள். வேலையோடு எல்லை கடப்பதற்கு இதனினும் சிறந்த வழி இல்லை.

குடிபெயர்ந்தவர்களின் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். தந்தையின் சொந்த மாநிலத்துச் சான்றிதழைக் காட்டினால், குடியேறிய மாநிலத்து அதிகாரிகள் பிள்ளைக்குச் சாதிச் சான்று வழங்கலாம் என்று மத்திய அரசு ஆணையிட்டுள்ளது. அச்சான்று மாநில அரசுச் சலுகைகளுக்கு உதவாது எனினும், மத்திய அரசுப் பணிக்கு உதவும். ஆகவே, தந்தையின் சான்றிதழ் பிள்ளையின் சொத்து. அதைப் பேணிக் காத்திடுங்கள்.

தனியார் வேலையும் தரகர் வேலையும்

தனியார் நிறுவனங்களை நாடுவோர் ஐந்து செய்திகளை எழுத்தில் பெறாமல் பயணச்சீட்டு வாங்கக்கூடாது. நிறுவனத்தின் பெயரும் முகவரியும், செய்யவேண்டிய பணி, கைக்கு வரும் சம்பளம், பணியில் சேரும் நாள், தங்குமிடம் யார் பொறுப்பு என்பது, ஆகிய இவ்வைந்துமே அவை. 2025-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பின்படி, ஒவ்வொரு பணியாளருக்கும் நியமனக் கடிதம் அளிப்பது முதலாளியின் கடமை. அன்று எங்கள் நண்பருக்கு இல்லாமற்போன அந்தக் காகிதத்தை இன்று நீங்கள் உரிமையோடு கேட்கலாம். 1979-ஆம் ஆண்டுச் சட்டம் ஒப்பந்தக்காரர் வழியே அழைத்துச் செல்லப்பட்டவர்களை மட்டுமே புலம்பெயர் தொழிலாளர் என்று ஏற்றது. புதிய சட்டமோ, தாமே வேறு மாநிலம் சென்று வேலையில் சேர்ந்தவர்களையும், மாத ஊதியம் 18,000 ரூபாய்க்கு மேற்படாதிருந்தால், அவ்வாறே ஏற்கிறது.

முன்பெல்லாம் நேர்முகத் தேர்வுக்காகவே ஊர் ஊராக அலையவேண்டியிருந்தது. இன்று விண்ணப்பமும் நேர்முகத் தேர்வும் கைப்பேசி வழியாகவே நடைபெறுகின்றன. மத்திய அரசின் தேசிய வேலைவாய்ப்புச் சேவைத் தளத்தில் பதிவு செய்வதற்குக் கட்டணம் இல்லை. எந்த இடத்தில் உங்களிடம் முன்பணம் கேட்கிறார்களோ, அந்த இடத்தில் வேலை இல்லை என்று முடிவு செய்துகொள்ளுங்கள். வேலை கொடுப்பவர் உங்களுக்குப் பணம் தரவேண்டியவரேயன்றி, உங்களிடம் பணம் பெறவேண்டியவர் அல்லர்.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. அது இன்னும் கொடியது. தரகர் வீடு தேடி வருவார். திருவிழாச் செலவுக்கும் மருத்துவச் செலவுக்கும் தாமே முன்பணம் தருவார். பிறகு குடும்பத்தையே செங்கல் சூளைக்கும் கரும்புத் தோட்டத்திற்கும் வண்டியில் ஏற்றிச் செல்வார். வேலை கையில் இருப்பது வேறு. கை வேலையில் கட்டப்பட்டிருப்பது வேறு. கொத்தடிமை முறை 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அந்தக் கடனைத் தீர்க்கும் பொறுப்பு உங்களுக்கு இல்லை என்று அச்சட்டம் சொல்கிறது. எனினும், சட்டம் வந்து மீட்கும்வரை பட்ட துன்பத்தை யார் ஈடு செய்வார்?

என்ன வேலை என்பதைத் தெளிவாகச் சொல்லாத தரகரைப் பற்றி மேலும் ஓர் எச்சரிக்கை. 2015-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் ஆந்திரத்துச் சேஷாசலக் காட்டில் தமிழ்நாட்டிலிருந்து சென்ற 20 தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று காவல்துறை கூறியது. அந்தக் கொடுமையைக் கண்டித்தோம், இன்றும் கண்டிக்கிறோம். ஆனால், நம் ஏழை மக்களைக் காட்டு வேலைக்குத் திரட்டி அனுப்பும் தரகர்களை எந்தக் குண்டும் தீண்டுவதில்லை என்பதையும் மறந்துவிடலாகாது. எங்கே, என்ன வேலை, யாரிடம் என்ற மூன்று கேள்விகளுக்கு விடை வராவிட்டால் வாசலைத் தாண்டாதீர்கள்.

வேலை இருந்தும் வீடில்லாதபோது

வேலை கிடைத்துவிட்டது, இனிக் கவலையில்லை என்று எண்ணுவதற்கு முன் பரோடாவை நினையுங்கள். அண்ணல் அம்பேத்கர் அமெரிக்காவிலும் இலண்டனிலும் பயின்று திரும்பி, 1917-ஆம் ஆண்டில் பரோடா சமஸ்தானத்தில் பணியேற்கச் சென்றார். அவரைப் படிக்க வைத்தவரே அந்த நாட்டு மன்னர். அவருக்கு வேலை உறுதியாக இருந்தது. தங்குவதற்குத்தான் இடமில்லை. பார்சிகளின் விடுதி ஒன்றில் தங்கியிருந்தவரைப் பதினோராம் நாள் தடிகளோடு வந்த கூட்டம் வெளியேறச் சொன்னது. நண்பர்கள் இருவரை அணுகினார். இருவரும் இடம் தரவில்லை. பொதுப் பூங்கா ஒன்றில் அமர்ந்திருந்து, இரவு இரயிலில் பம்பாய்க்குத் திரும்பினார். பேரறிஞருக்கே அந்த நகரம் ஒரு கூரையைத் தர மறுத்தது.

நூறாண்டுகளுக்கு மேல் ஆகியும் வாடகை வீடு தேடும்போது, "நீங்கள் எந்த ஆட்கள்?" என்ற கேள்வி முற்றிலும் ஓயவில்லை என்பதை நாமெல்லாரும் அறிவோம். ஆகையால், வேலையோடு இருப்பிடத்தையும் முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளவேண்டும். முதல் திங்களுக்கு நிறுவனத்தின் விடுதியோ, பணிபுரியும் மகளிர் விடுதியோ, முன்னரே அங்கே இருக்கும் நம் பிள்ளைகளின் அறையோ ஏற்பாடாகியிருக்க வேண்டும். முதல் சம்பளம் கைக்கு வர ஒன்றரைத் திங்கள் ஆகலாம். அதுவரைக்கான செலவும், ஊர் திரும்புவதற்கான கட்டணமும் தனியே இருக்கட்டும். திரும்பி வரக் காசில்லாதவன்தான் எந்த இழிவையும் பொறுத்துக்கொள்ள நேர்கிறது.

புறப்படுமுன் செய்யவேண்டியவை

முதலாவதாக, பெயர். நம் நாட்டு வழக்கப்படி தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே இடுகிறோம். பிற மாநிலத்தார்க்கு இது விளங்குவதில்லை. மதிப்பெண் பட்டியலில் ஒருவிதமாகவும், ஆதாரில் வேறுவிதமாகவும், சாதிச் சான்றில் மற்றொரு விதமாகவும் பெயர் இருந்தால், சேரும் நாளில் திருப்பி அனுப்பப்படும் இடர் உண்டு. ஊரில் இருக்கும்போதே எல்லாவற்றையும் ஒன்றாக்கிக்கொள்ளுங்கள். மூலச் சான்றிதழ்களை எவரிடமும் ஒப்படைத்துவிடாதீர்கள். சரிபார்த்ததும் திரும்பப் பெறுங்கள்.

இரண்டாவதாக, மொழி. வங்கி எழுத்தர் பணிக்கு அந்தந்த மாநில மொழியறிவு தேவைப்படுகிறது. கன்னடமோ, தெலுங்கோ, மராத்தியோ, இந்தியோ, செல்லும் இடத்தின் மொழியை மூன்று திங்கள் முன்பே பழகத் தொடங்குங்கள். மொழி தெரியாததால் தட்டச்சு விரல்கள் மூட்டை தூக்கிய கதையை இப்போதுதான் சொன்னோம்.

மூன்றாவதாக, ஊரில் உள்ள உரிமைகள். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கத் தவறாதீர்கள். வருங்கால வைப்பு நிதி எண் ஒன்று இருந்தால் அடுத்த நிறுவனத்திலும் அதையே தொடருங்கள், புதிது வாங்காதீர்கள். முன்னுரிமைக் குடும்ப அட்டைக்குரிய அரிசியையும் கோதுமையையும் வேறு மாநிலத்து நியாயவிலைக் கடையிலும் பெறும் வசதி இன்று உள்ளது.

கழகத்திற்கு ஒரு வேண்டுகோள்

இறுதியாக, இக்கழகத்தின் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். இக்கழகத்தில் பயின்றோர் இன்று பல மாநிலங்களில் பணிபுரிகிறார்கள். அவர்களுடைய முகவரிகளைத் திரட்டி ஒரு பதிவேடு தொடங்குங்கள். புனேக்குப் புறப்படும் பிள்ளைக்குப் புனேயில் இருக்கும் அண்ணனின் எண் கிடைக்கட்டும். அந்த நிறுவனம் மெய்யா பொய்யா என்று நேரில் சென்று பார்த்துச் சொல்ல அங்கே ஒருவர் இருக்கட்டும். முதல் வாரம் தங்க ஒரு பாய் கிடைக்கட்டும். தங்கவயலுக்குச் சென்ற நம் முன்னோர் வாய்மொழியாய்ச் செய்ததை நாம் எழுத்தில் செய்வோம். வெளியூர் சென்று வேரூன்றிய ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு பிள்ளைக்கேனும் அவ்வாறு வழி காட்டினால், நாங்கள் மூவர் பட்ட பாட்டை இனி ஒருவரும் படவேண்டியதில்லை.

அன்று எங்கள் வீட்டில் கடிதம் வந்தது. படிக்க ஆள் இல்லை. இன்று நம் வீடுகள்தோறும் படிக்கத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். இருபத்தைந்து ஆண்டுகளில் இக்கழகம் ஈட்டித் தந்த செல்வம் அது. அந்தச் செல்வத்தை முதலாகக் கொண்டு, பிள்ளைகளே, அஞ்சாமல் எல்லை கடந்து செல்லுங்கள். நியமனக் கடிதம் சட்டைப் பையில் இருக்கட்டும். சென்று சேர்ந்ததும் ஊருக்கு ஒரு வரி எழுதுங்கள். அதைப் படிக்க இங்கே ஆள் இருக்கிறது.